எம்.சி. ரோடு கடைக்காரர், கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் "ஐ.பி. (நொடிப்பு மனு) போட்டுவிட்டேன்" என்கிறார். உண்மையா என்று எங்கே போய்ப் பார்ப்பது?

ஓவர்லாக்_காலடிப்பேட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டு மாடியில் 6 மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறேன். என்னோடு 5 பெண்கள் தைக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு 4 வருடமாக நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுத்து வந்தேன். துணி அவர்களுடையது, தையல் கூலி மட்டும் எனக்கு. முதல் இரண்டு வருடம் சனிக்கிழமை ஆனால் பணம் கைக்கு வந்துவிடும். அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆனது, பிறகு மாதத்துக்கு ஒரு முறை, அதிலும் பாதிதான். இப்போது கூலி பாக்கி மட்டும் 2,64,000 ரூபாய் நிற்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் அவர் கடைப் பையன் கையெழுத்துப் போட்ட சலான் என்னிடம் இருக்கிறது.

இது தவிர 2022 ஆகஸ்ட் 14 அன்று அவருக்கு 1,00,000 ரூபாய் கொடுத்தேன். தீபாவளிச் சரக்கு எடுக்க வேண்டும், இரண்டே மாதம் என்றார். என் நகையை வைத்துத்தான் கொடுத்தேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். நம்பிக்கைக்கு இருக்கட்டும் என்று மீஞ்சூரில் உள்ள தன் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸையும் கொடுத்தார்.

பங்குனி மாதத்திலிருந்து கடை பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. "எங்கள் கட்சிக்காரர் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு தாக்கல் செய்துள்ளார், இனி அவரையோ குடும்பத்தாரையோ பணம் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. எந்தக் கோர்ட், என்ன நம்பர், எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "மஞ்சக் கடுதாசி வந்துடுச்சா, இனி ஒரு பைசா வராதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. என்னோடு தைக்கும் பெண்களுக்கு நான் 70,000 ரூபாய்க்கு மேல் தர வேண்டும்.

அவர் உண்மையாகவே மனு போட்டிருக்கிறாரா, இல்லை சும்மா மிரட்டுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடை வண்ணாரப்பேட்டையில், வீடு மீஞ்சூரில். நான் எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்க வேண்டும்? என்னைப் போன்ற ஒருத்தி கேட்டால் சொல்வார்களா? என் தம்பி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூர் வீட்டு வாசலில் போய் உட்காரலாம் என்கிறான். அதைத் தடுத்து வைத்திருக்கிறேன்.

ராயபுரம்_பெஞ்ச்கிளார்க் எழுதியது:

அம்மா, முதலில் தம்பியை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். வாசலில் போய் உட்கார்ந்தால் அடுத்த நாளே அவர் போலீஸில் புகார் கொடுப்பார். பணம் தர வேண்டியவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டி வரும். 31 வருடம் சிவில் கோர்ட்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படி நடந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது வக்கீல் நோட்டீஸ். கோர்ட் நோட்டீஸ் இல்லை. கோர்ட்டிலிருந்து வந்தால் அதில் கோர்ட்டின் பெயர், முத்திரை, "ஐ.பி. எண் இத்தனை, வருடம் இத்தனை" என்ற வரி, நீங்கள் ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். காகிதம் மஞ்சளா வெள்ளையா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஜனங்கள் அந்தக் காலத்திலிருந்து மஞ்சக் கடுதாசி என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், அந்தப் பேரைக் கேட்டாலே பாதிப் பேர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மனசு பொறுக்காத விஷயம். மனு போடுவது ஒரு கட்டம். விசாரித்து "இவர் நொடித்தவர்" என்று நீதிபதி உத்தரவு போடுவது அடுத்த கட்டம். அந்த உத்தரவுக்குப் பிறகுதான் அவருடைய சொத்து கோர்ட்டின் கைக்கோ சொத்தைக் கவனிக்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போகும், கடன்காரர்கள் (அதாவது கடன் கொடுத்தவர்கள்) கோர்ட் அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட முடியாத நிலையும் வரும். கடனிலிருந்து விடுவிப்பு என்பது அதற்கும் பின்னால் வரும் மூன்றாவது கட்டம். மனு போட்டதுமே கடன் அழிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, எந்தக் கோர்ட்? இங்கேதான் வட சென்னைக்காரர்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தனி ஆள் கடனுக்கு நம் ஊரில் இரண்டு சட்டம் ஓடுகிறது. சென்னை நகரத்துக்கு 1909ஆம் வருடத்து மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டம். அதன்படி மனு உயர் நீதிமன்றத்தில் போகும், சொத்தைக் கவனிப்பவர் அங்கேயே இருக்கும் அஃபிஷியல் அசைனி. நகரத்துக்கு வெளியே 1920ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம். அதற்கு மனு சார்பு நீதிமன்றத்தில் போடுவார்கள், அங்கே அஃபிஷியல் ரிசீவர். 2016இல் வந்த புதிய நொடிப்புச் சட்டத்தில் தனி ஆட்களுக்கான பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் தவிர மற்றவர்களுக்கு இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. அதனால் பழைய சட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். (1906 அக்டோபரில் அர்பத்நாட் என்ற சென்னை வங்கிக் கம்பெனி விழுந்து ஊரே அழுத கதையை என் பெரிய தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டிலும் பணம் போட்டிருந்தார்கள். 1909 சட்டம் அதற்கு மூன்று வருடம் கழித்து வந்தது.)

அவர் கடை இருக்கும் பழைய வண்ணாரப்பேட்டை பழைய நகர எல்லைக்குள் வருகிறது. அதை வைத்து அவர் உயர் நீதிமன்றத்தில் போட்டிருக்கலாம். மீஞ்சூர் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. குடியிருக்கும் இடத்தை வைத்தும் மனு போடலாம் என்பதால் பொன்னேரி சார்பு நீதிமன்றத்திலும் போட்டிருக்கலாம். நீங்கள் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். என் கணிப்பு பொன்னேரி. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் வண்ணாரப்பேட்டையைச் சுற்றி இருக்கும்போது அங்கே வந்து நிற்க அவர் விரும்ப மாட்டார்.

வீட்டிலிருந்தே பாருங்கள். ஈகோர்ட்ஸ் என்று மத்திய அரசின் தளம் இருக்கிறது, போனில் ஆப்பாகவும் கிடைக்கும். பணம் கட்ட வேண்டியதில்லை. மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் திருவள்ளூர், வளாகம் பொன்னேரி என்று தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரில் தேடுங்கள். வருடம் கொடுக்க வேண்டும், நிலுவை, முடிந்தவை இரண்டையும் பாருங்கள். பெயர் ஆங்கிலத்தில் ஏறியிருக்கும், அங்கேதான் ஆள் தப்புவார். ழகரத்தை ஒருவர் இசட் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போட்டு எழுதுவார். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும். அதனால் பெயரின் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால் வழக்கு வகை என்ற பகுதிக்குப் போய் ஐ.பி. என்பதைத் தேர்ந்தெடுத்து வருடத்தைப் போடுங்கள். அந்த வருடம் அந்தக் கோர்ட்டில் பதிவான நொடிப்பு மனுக்கள் வரிசையாக வந்துவிடும். சின்ன ஊர்க் கோர்ட்டில் அது நீளமான பட்டியலாக இருக்காது, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். உயர் நீதிமன்றத்துக்கு அவர்களுடைய சொந்தத் தளத்தில் வழக்கு நிலை என்று இருக்கிறது, அங்கே இதே மாதிரி.

இணையத்தில் இல்லை என்றால் மனுவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தாக்கல் செய்த உடனே நம்பர் விழாது. குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள், சரிசெய்து மறுபடி போடுவார்கள். அதுவரை எஸ்.ஆர். நம்பர் என்ற தற்காலிக எண்ணில்தான் இருக்கும். அப்போது நேரில் போய் அலுவலகத்தில் கேட்பதே வழி. காலையில் கோர்ட் உட்காரும் முன்பு போகாதீர்கள், ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து போங்கள். பெயர், ஊர், தோராயமான மாதம் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் அடுத்த ஆள் வந்ததும் மறந்துவிடுவார்கள்.

மிண்ட்_பழைய_இரும்பு எழுதியது:

அக்கா, பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. நான் பட்டதையும் சொல்கிறேன். 2016இல் எனக்கு ஒருவர் 4 லட்சம் தர வேண்டியிருந்தது. இதே மாதிரி ஐ.பி. என்றார். கோர்ட் நோட்டீஸும் வந்தது. போய் என்ன ஆகப்போகிறது என்று நான் போகவே இல்லை. போன கடன்காரர்கள் ஆறு பேர் தங்கள் கணக்கைச் சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய கொடுங்கையூர் இடம் விற்றபோது அந்த ஆறு பேருக்கும் பங்கு கிடைத்தது. எனக்கு எதுவும் இல்லை. முழுப் பணம் யாருக்கும் வரவில்லை, ஆனால் அவர்கள் கையில் ஏதோ வந்தது.

இன்னொரு விஷயம். அந்தக் கடை அவர் சொந்தப் பெயரில் இருக்கிறதா, பிரைவேட் லிமிடெட் கம்பெனியா என்று பில்லில் பாருங்கள். கம்பெனி என்றால் வழியே வேறு. அது ராஜாஜி சாலையில் இருக்கும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே நடைமுறை தொடங்கியதும் பேப்பரில் அறிவிப்பு வரும், நொடிப்பு வாரியத்தின் தளத்திலும் போடுவார்கள், தேதிக்குள் கிளெய்ம் அனுப்ப வேண்டும்.

உங்களிடம் உத்யம் பதிவு (சிறு தொழில் பதிவு) இருக்கிறதா? சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டத்தில் இருக்கிறது, தாமதித்தால் வட்டி ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு. வேலை செய்து கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்று தீர்ப்புகள் இருப்பதைக் கவனியுங்கள்.

ஓவர்லாக்_காலடிப்பேட்டை எழுதியது:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் கோடி நன்றி. பில்லில் கடைப் பெயரும் உரிமையாளர் என்று அவர் பெயரும்தான் இருக்கிறது, கம்பெனி இல்லை. உத்யம் பதிவு நான் போன வருடம்தான் எடுத்தேன். பாக்கியில் பாதிக்கு மேல் அதற்கு முந்தையது.

ராத்திரி பத்து மணிக்கு மகள் போனில் உட்கார்ந்தோம். அவர் பெயரை நாங்கள் எழுதும் மாதிரி போட்டால் ஒன்றும் வரவில்லை. ஐயா சொன்னபடி வழக்கு வகையில் ஐ.பி. போட்டோம். வந்துவிட்டது. பொன்னேரி சார்பு நீதிமன்றம். அப்பா பெயர் முழுதாக முன்னால் இருக்கிறது, அவர் பெயர் பின்னால். எதிர்மனுதாரர்கள் 23 பேர். 17ஆவதாக என் பெயர். திரையில் என் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, ஏதோ நான் தப்புச் செய்து கோர்ட்டில் நிற்கிற மாதிரி. மகள்தான் "அம்மா, நீ பணம் தர வேண்டியவள் இல்லை, வாங்க வேண்டியவள்" என்றாள்.

நிலை என்ற இடத்தில் நோட்டீஸ் என்று இருக்கிறது. அடுத்த தேதி வரும் ஜூலை 9. உத்தரவு எதுவும் இல்லை. எனக்குக் கோர்ட் நோட்டீஸ் இன்னும் வரவில்லை. மனுவில் என்ன எழுதியிருக்கிறார் என்று நான் பார்க்க முடியுமா? அதோடு, புரோநோட்டுக்கு ஆகஸ்டில் 3 வருடம் முடிகிறது. ஐ.பி. நடக்கும்போது நான் தனியாக வழக்குப் போடலாமா, காத்திருக்க வேண்டுமா?

பிராட்வே_ஜூனியர் எழுதியது:

வணக்கம் அக்கா. உயர் நீதிமன்ற வளாகத்தில் சிட்டி சிவில் கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறேன். காத்திருக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். 2025 ஆகஸ்ட் 14க்குள் வழக்கு தாக்கல் ஆகியிருக்க வேண்டும். நடுவில் அவர் வட்டி கொடுத்தாரா? கொடுத்திருந்தால் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அப்படி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். ஜிபேயில் அனுப்பினார் என்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள், கையெழுத்து வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூலி பாக்கிக்கும் 3 வருடம்தான், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் அது முடிந்த தேதியிலிருந்து தனித்தனியாக ஓடும். அதனால் எல்லாச் சலானையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். மிகப் பழையது எது என்று பாருங்கள், அதுதான் முதலில் காலாவதி ஆகும்.

அவரை நொடித்தவர் என்று கோர்ட் இன்னும் அறிவிக்கவில்லை. அதுவரை வழக்குப் போட உங்களுக்குத் தடை இல்லை. அறிவித்துவிட்டால் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். கடை வண்ணாரப்பேட்டையில் என்பதால் சிட்டி சிவில் கோர்ட்டில் போடலாம். பண வழக்குக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 2017க்கு முன்பு ஏழரை சதவீதம் இருந்தது. உங்கள் 3,64,000க்கு வட்டி சேர்க்காமல் 10,920 ரூபாய் வரும்.

அந்தப் பணமும் உங்களிடம் இல்லை என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987 சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. வக்கீலும் அவர்களே தருவார்கள், கோர்ட் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். இதைப் படிக்கும் மற்றப் பெண்களும் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கந்து வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுப்பவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

மனுவைப் பற்றி: வெளி ஆள் என்றால் எதற்காக நகல் வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். நீங்கள் 17ஆவது எதிர்மனுதாரர், உங்களுக்கு அந்தச் சுற்று இல்லை. பொன்னேரிக்குப் போய் நகல் மனு போடுங்கள். மனுவோடு கடன்காரர் பட்டியலும் அவருடைய சொத்துப் பட்டியலும் இருக்கும். அதில் சொத்துப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அவர் கொடுத்த வீட்டுப் பத்திர ஜெராக்ஸ் பொன்னான காகிதம் அக்கா. அதில் சர்வே எண் இருக்கும். பதிவுத் துறைத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, வீடு கைமாறியிருக்கிறதா என்று வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. 2020லிருந்து இன்று வரை என்று தேதி கொடுங்கள்.

ஓவர்லாக்_காலடிப்பேட்டை எழுதியது:

பொன்னேரிக்குப் போய் வந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், என்னைப் போல யாராவது தேடி வந்தால் உதவும்.

திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். மீஞ்சூரைத் தாண்டும்போது அவர் வீடு இருக்கும் பக்கம் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பொன்னேரியில் இறங்கிக் கோர்ட் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. பெரியவர் சொன்னது மாதிரியே எல்லோரும் தலை குனிந்து வேலையில் இருந்தார்கள். வெளியில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு மறுபடி போனேன். ஐ.பி. நம்பரும், 17ஆவது எதிர்மனுதாரர் என்றும் எழுதிய சீட்டை நீட்டினேன். அங்கிருந்த அம்மா கட்டை எடுத்துப் பார்த்து, "ஆமாம்மா, உங்களுக்கு நோட்டீஸ் போயிருக்கே, பழைய வீட்டு நம்பர் போட்டிருக்காங்க, அதான் திரும்பி வந்திருக்கு" என்றார். நான் வீடு மாறி மூன்று வருடம் ஆகிறது. கடைக்காரருக்கு என் இப்போதைய வீடு நன்றாகத் தெரியும். இந்த மாடிக்கு அவரே வந்து காப்பி குடித்திருக்கிறார். வக்கீல் நோட்டீஸும் சரியான முகவரிக்குத்தான் வந்தது.

நகலுக்கு எழுதிக் கொடுத்து, ஆறு நாள் கழித்துப் போய் வாங்கினேன். மொத்தக் கடன் 61 லட்சம் என்று இருக்கிறது. எனக்குத் தர வேண்டியது "தையல் கூலி ரூ.90,000". புரோநோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. சொத்துப் பட்டியலில் இரண்டு மேசை, மூன்று அலமாரி, ஒரு பழைய ஸ்கூட்டர். வீடு இல்லை.

வில்லங்கம் பார்த்தோம். பொன்னேரி சார்பதிவாளர் அலுவலகம். போன வருடம் நவம்பரில் வீட்டை மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதியிருக்கிறார். நவம்பரில் நான் ராத்திரி இரண்டு மணி வரை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் ஆர்டர், சீக்கிரம் வேண்டும் என்று தினமும் போன் செய்தார்.

வட்டி ஜிபேயில்தான் வந்தது. நோட்டின் பின்னால் ஒன்றும் எழுதவில்லை.

ராயபுரம்_பெஞ்ச்கிளார்க் எழுதியது:

அம்மா, அந்தச் செட்டில்மென்ட் பத்திரம் உங்கள் பக்கத்துக்கு வலு. 1920 சட்டத்தில் 53ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவர் சொத்தை மாற்றி எழுதி, அதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடப்பட்ட மனுவில் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்த மாற்றத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கியவருக்கு அதில் பாதுகாப்பு உண்டு. மனைவிக்குச் சும்மா எழுதிக் கொடுத்ததற்கு அது பொருந்தாது. ரத்து கேட்டு ரிசீவர் போகலாம். அவர் போகவில்லை என்றால், தன் கடனை நிரூபித்த கடன்காரர் கோர்ட் அனுமதியோடு போகலாம், 54ஏ பிரிவு. அதனால்தான் கடனை நிரூபிப்பது முக்கியம். 90,000 என்று அவர் எழுதியதை அப்படியே விட்டுவிடாதீர்கள். சலான்களையும் நோட்டையும் இணைத்து 3,64,000 என்று நீங்கள் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

ஜூலை 9 அன்று கட்டாயம் ஆஜராகுங்கள். கூப்பிடும்போது எழுந்து நின்று, "நான் 17ஆவது எதிர்மனுதாரர், இப்போதைய முகவரி இது, எதிருரை தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும்" என்று சொன்னால் போதும். எதிருரையில் மூன்று விஷயம் வர வேண்டும்: கடன் தொகை தவறு, சொத்தை மறைத்திருக்கிறார், நோட்டீஸுக்குப் பழைய முகவரி கொடுத்திருக்கிறார். வில்லங்கச் சான்றைக் கையொப்பமிட்ட பிரதியாக எடுத்துக்கொள்ளுங்கள், திரையில் பார்த்தது கோர்ட்டுக்குப் போதாது. மற்ற 22 பேரின் பெயரும் முகவரியும் அந்த நகலில் இருக்கிறது அல்லவா? அவர்களில் பாதிப் பேருக்காவது இந்த வீட்டு விஷயம் தெரிந்திருக்காது. ஒரு தபால் அட்டை எழுதிப் போடுங்கள்.

ஓவர்லாக்_காலடிப்பேட்டை எழுதியது:

ஐயா, இன்று தேரடியில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்ற ஸ்டேஷனில் இறங்கி, சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு மகளோடு போனேன். ஆதார், சலான் கட்டு, நோட்டு எல்லாம் பார்த்தார்கள். சிட்டி சிவில் கோர்ட் வழக்குக்கு ஒரு வக்கீல் அம்மாவை ஒதுக்கியிருக்கிறார்கள். ஜூலை கடைசிக்குள் தாக்கல் செய்துவிடலாம் என்றார். பொன்னேரி எதிருரைக்கு அங்குள்ள தாலுகா குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

22 தபால் அட்டை எழுதி முடித்துவிட்டேன். அதில் 4 பேர் என்னைப் போலத் தையல்காரர்கள், ஒருவர் கொருக்குப்பேட்டையில் பட்டன் ஓட்டை போடுகிறவர், அவருக்கு 18,000 ரூபாய். அவருக்கு மட்டும் அட்டை போடாமல் நாளை நேரிலேயே போய்ச் சொல்லப் போகிறேன். 9ஆம் தேதி முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.